செத்த இருங்க, மாடு போகுது

ஆவாரங்குடி விமான நிலையத்தில் இறங்க அனுமதி கேட்டு, 1944ஆம் வருடம் பங்குனி மாதத்திலிருந்து ஒரு விமானம் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. மற்றபடி அந்த நிலையத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செம்புராங்கல்லை உடைத்துப் போட்ட ஓடுபாதை ஒன்று, பாதிச் சுவர் மட்டும் வெள்ளையடித்த கோபுரம் ஒன்று, தீயணைப்பு வண்டி ஒன்று, ஓடுபாதையின் நட்டநடுவில் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கும் பசுமாடு ஒன்று. வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். வயர்லெஸ் பார்ப்பவள் உமையாள். தீயணைப்பு வண்டி ஓட்டுபவர் சந்தியாகு.

யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வந்து மூன்றே மாதத்தில் அடித்துப் பிடித்துக் கட்டிய நிலையம் அது. ஜப்பான்காரன் வந்தால் விரட்டலாம் என்று கட்டினார்கள். ஜப்பான்காரனுக்கு ஆவாரங்குடியில் என்ன சோலி, அவன் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் வயர்லெஸ் சிப்பாய் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார். கோபுரத்துக்குள் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி மட்டும் இருந்தார். வயர்லெஸ் பெட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டது. வெள்ளைச்சாமிக்குப் பாஷை புரியவில்லை, தொனி புரிந்தது. வீட்டு வாசலில் வந்து நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிற தொனி. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஓடுபாதையில் மாடு ஒன்று குறுக்கே போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, சிப்பாய் அமுக்கும் பொத்தானைத் தானும் அமுக்கி, வாசலில் நிற்பவரிடம் யாரும் சொல்கிற மாதிரி சொன்னார்.

“செத்த இருங்க, மாடு போகுது.”

“ரோஜர்” என்றது பெட்டி, சரி என்பதற்கு விமானக்காரர்களின் பாஷையில்.

அந்தப் பொத்தானை அமுக்கினால் கோபுரத்தின் உச்சியில் இருந்த குழாயிலும் சத்தம் வரும். அது வெள்ளைச்சாமிக்குத் தெரியாது. மாட்டுக்குக் கேட்டுவிட்டது. பிறந்ததிலிருந்து ‘ஹேய்’, ‘போ சனியனே’ என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டறியாத மாடு அது. ‘இருங்க’ என்று இவ்வளவு மரியாதையாக ஒருவர் சொன்னதும், எடுத்து வைக்கப்போன காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டது. மாடு போகட்டும் என்று விமானம் காத்திருந்தது. இருக்கச் சொன்னார்களே என்று மாடு காத்திருந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

யுத்தம் முடிந்து பட்டாளம் போனபோது நாற்காலி, கூடாரம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடும் விமானமும் கணக்கெடுக்கும் பட்டியலில் விட்டுப்போயின. இருக்கச் சொன்னவர் என்ற முறையில் வெள்ளைச்சாமிக்கே வயர்லெஸ் உத்தியோகம் கொடுக்கப்பட்டது. அதனால்தான் கோபுரம் இன்னும் பாதி வெள்ளையாக நிற்கிறது.

செத்த நேரம் என்பது எவ்வளவு நேரம் என்று விதிப்புத்தகத்தில் இல்லை. ஆகையால் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கம். இப்படிக் காத்திருக்கும் நேரம் எதிலும் சேராது. இருக்கச் சொன்னபோது விமானத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பெட்ரோல் இருந்தது, இன்றும் அதே பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. விமானிக்கு அப்போது வயது இருபத்து மூன்று, இப்போதும் இருபத்து மூன்று. அவர் மடியில் பாதி கடித்த ரொட்டி ஒன்று இருக்கிறது. மீதியைத் தின்னப் பசி வரவில்லை. மாட்டுக்கும் அப்படித்தான். சந்தியாகு தினமும் ஈ ஓட்டி, மழை வந்தால் சாக்குப் போர்த்திவிடுவதோடு சரி.

விமானியின் பெயர் பெர்சிவல். ஊருக்கு அவர் பரசுவேல். இத்தனை வருடம் ஆவாரங்குடிக்காரர்களின் குரலை மட்டுமே காதில் வாங்கியதால் அவருக்கு இங்கிலீஷ் பெரும்பாலும் மறந்துவிட்டது. மேலே இருப்பவருக்கு ஊரைக் காட்டிலும் கொஞ்சம் முன்னாடியே எல்லாம் தெரியும். “மானாமதுரைப் பக்கம் கருக்கலா இருக்கு, களத்துல மொளகா காயப்போட்டவுகள அள்ளச் சொல்லுங்க” என்பார். காணாமல் போன ஆடு எந்தக் கண்மாய்க் கரையில் மேய்கிறது என்று சொல்வார். விமானம் ஒரு சுற்றுச் சுற்ற ஏழு நிமிடம் ஆகும். ஊரில் நேரக் கணக்கே அதுதான். இட்லி ஒன்றரைச் சுற்றில் வெந்துவிடும். டவுன் பஸ் வர மூணு சுற்று ஆகும். தாலி கட்டும்போது சத்தம் தலைக்கு மேலே இருந்தால் மேளக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்ததற்குப் பலனில்லை என்று, முகூர்த்தத்தை இரண்டு சுற்றுக்கு நடுவில் வைப்பார்கள்.

எண்பது வருடமாக வேறு எந்த விமானமும் அங்கே இறங்கவில்லை. முன்னால் வந்தவர் காத்திருக்கும்போது பின்னால் வந்தவரை உள்ளே விடும் பழக்கம் ஆவாரங்குடியில் கிடையாது. தேர்தலுக்கு வந்த ஹெலிகாப்டர்களைக்கூடப் பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளைச்சாமிக்கும் அவருக்கு அடுத்து வந்தவர்களுக்கும் பிறகு உமையாள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பொத்தானை அமுக்கி, “செத்த இருங்க” என்றாள்.

“சரி தங்கச்சி” என்றார் பரசுவேல்.

கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் உமையாள். அன்று முழுக்க அந்தத் ‘தங்கச்சி’ அவள் காதில் இருந்தது. மறு வருடம் இருவருக்கும் ஒரே வயது. என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் ஒரு வருடம் முழுக்க “சரிங்க” என்று மட்டும் சொல்லிச் சமாளித்தார். அதற்கு அடுத்த வருடம் அக்கா ஆனாள். அவளும் அவரைத் தம்பி என்று கூப்பிடப் பழகினாள். தம்பி என்றாலும் பேச்சில் மட்டும் மரியாதை குறையவில்லை, உத்தியோகப் பேச்சல்லவா. கல்யாணம் நடந்தது, மகள் நாச்சம்மை பிறந்தாள், மாமியார் இறந்தார். எல்லாவற்றையும் பரசுவேலிடம் சொன்ன பிறகுதான் அவளுக்கு நடந்த மாதிரி இருக்கும். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது. நாச்சம்மைக்கு இருபத்து மூன்று, பரசுவேலின் வயது. கொஞ்ச நாளாக அவர் ‘அக்கா’ என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ‘அம்மா’ என்று நழுவிவிடுகிறது. அவர் உடனே திருத்திக்கொள்வார். உமையாளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். இன்னும் பத்து வருடம் போனால் ஆச்சி என்பார், அதற்கு அப்புறம் கூப்பிட ஆளே இருக்காது. அதற்குள் எப்படியாவது அவரைத் தரையில் இறக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆவாரங்குடிக்குச் சென்னையிலிருந்து பத்தொன்பது இருக்கை விமானம் ஒன்று விடப்போகிறார்கள். முப்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு முதல் விமானம் வரும். அன்றே பழைய வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். புதுசு, பட்டியலில் பெயர் உள்ள விமானங்களோடு மட்டும் பேசும்.

பரசுவேலின் விமானம் பட்டியலில் இல்லை. உமையாள் எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. 1944ஆம் வருடத்துக் குறிப்பேட்டில் யாரோ ஒரு எழுத்தர், “விமானி, செத்த, இருங்க, மாடு, போகுது” என்று காதில் விழுந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். பின்னால் அதை இங்கிலீஷில் மாற்றியவர் வெளியூர்க்காரர். விமானி செத்துவிட்டார், மாடு போய்விட்டது என்று மாற்றிவிட்டார். ஆகக் கோப்பின்படி வானமும் காலி, ஓடுபாதையும் காலி. “இறந்தவருக்கு இறங்க அனுமதி வழங்க விதியில் இடமில்லை” என்று கடிதம் முடிந்திருந்தது.

உமையாள் அதை நாலு தடவை படித்தாள். புது வயர்லெஸ் வந்துவிட்டால் காலை எட்டு மணிக்கு அவள் சொல்வது மேலே கேட்காது. கேட்காவிட்டால் காத்திருப்பு காலாவதியாகும். பிறகு பன்னிரண்டு நிமிடம். கீழே நடு ஓடுபாதையில் மாடு. கடிதத்தை மடித்து டிபன் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அன்று பரசுவேலிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, எல்லாம் காலியாக இருக்கிறது என்று சான்று கொடுக்க மேலிடத்திலிருந்து கோதண்டம் என்ற அதிகாரி வந்தார். அரக்கோணத்துக்காரர். சாந்தமான மனிதர். யாரையும், எதையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஜீப்பை வாசல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே சந்தியாகு மாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“செத்த இருங்க சார், இந்தா வந்துர்றேன்” என்றார் சந்தியாகு.

கோதண்டம் இருந்தார். பிளாஸ்க்கிலிருந்து ஒரு தம்ளர் டீ ஊற்றி ஜீப்பின் மேல் வைத்தார். தலைக்கு மேலே விமானம் மூன்று தடவை போனது. டீயை எடுத்துப் பார்த்தார், ஊற்றிய சூடு அப்படியே இருந்தது. கடிகாரம் ஒன்பது பத்திலேயே நின்றிருந்தது. சந்தியாகு வந்து கம்பத்தைத் தூக்கியதும் அது ஒன்பது பதினொன்றுக்குப் போனது. கோதண்டம் டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்தார்.

கோபுரத்தில் உமையாள் அவர் கொண்டுவந்த கோப்பை வாங்கி அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

“சார், இந்த ஊர்ல செத்தன்னா கொஞ்சம்னு அர்த்தம். அவுக சாகல. மேலதான் இருக்காக.”

“எங்க பக்கம் செத்தன்னா செத்ததுதாம்மா” என்றார் கோதண்டம். “ஆனா வாசல்லயே எனக்கு அர்த்தம் ஆயிடுச்சு. திருத்தம் போட்டுடலாம். ஒரு சிக்கல் இருக்கு. ஒருத்தரு செத்துட்டாருன்னு கோப்புல வந்துட்டா, உயிரோட இருக்கேன்னு அவரே நேர்ல வந்து காட்டணும். பென்ஷன் வாங்குறவங்களுக்கு இருக்கிற விதிதான்.”

“நேர்ல வரணும்னா எறங்கணும் சார். எறங்கணும்னா உயிரோட இருக்கணும்.”

கோதண்டம் ஜன்னல் வழியாகத் தீயணைப்பு வண்டியைப் பார்த்தார். “அந்த ஏணி எவ்வளவு உயரம் போகும்?”

சந்தியாகு ஏணியை முழுக்க நீட்டினார். இத்தனை வருடத்தில் ஏணிக்கு வந்த முதல் வேலை அது. கோதண்டம் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உச்சிப் படி வரை ஏறினார். உமையாள் வயர்லெஸ்ஸில் சொல்ல, பரசுவேல் விமானத்தைத் தாழ்த்தி ஏணிக்குப் பக்கத்தில் ஓட்டி வந்து, கண்ணாடியைத் திறந்து கையை ஆட்டினார்.

“உங்க பேரு?” என்று கத்தினார் கோதண்டம்.

“பரசுவேலுங்க.”

“சௌக்கியமா?”

“இருக்கேங்க.”

கோதண்டம் ஏணியிலேயே நின்று எழுதினார். நேரில் கண்டேன், உயிருடன் உள்ளார், கை அசைத்தார். பிறகு இறங்கி வந்து இன்னொரு தாள் எடுத்து, ஓடுபாதை காலியாக இருக்கும் பட்சத்தில் விமானி இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

ஓடுபாதை காலியாக இல்லை. மாட்டை நகர்த்த எண்பது வருடமாக ஊர் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறது. வைக்கோல் காட்டினார்கள், வாலை முறுக்கினார்கள், தப்பு மேளம் அடித்தார்கள். டிராக்டர் கட்டி இழுத்தபோது கயிறுதான் அறுந்தது. அன்றும் சந்தியாகு தோள் கொடுத்துத் தள்ளினார். “போயித் தொலையேன், ஒனக்குக் கோடிப் புண்ணியம்” என்று கெஞ்சினார். மாடு காதை ஆட்டியது. காலை இறக்கவில்லை.

“மாட்டுக்கு நான் எழுதித் தர முடியாதும்மா” என்றார் கோதண்டம். “அது போயிடுச்சின்னு கோப்புல இருக்கு. போன மாட்டை எப்படிப் போகச் சொல்றது?” அவருக்கே வருத்தமாக இருந்தது. மத்தியானம் வரை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, ஜீப் நிற்கும் பக்கம் போக ஓடுபாதையின் குறுக்கே நடந்தார். மாட்டுக்குப் பக்கத்தில் போனதும் திரும்பி நின்று கையைத் தூக்கி, “நான் வரேம்மா” என்றார்.

உமையாள் கோபுரத்து ஜன்னலில் நின்றிருந்தாள். கத்தினாலும் அங்கே கேட்காது. பொத்தானை அமுக்கிக் குழாயில் சொன்னாள்.

“போயிட்டு வாங்க.”

மாடு தூக்கிய காலைக் கீழே வைத்தது.

கோதண்டம் அதைப் பார்த்தார். சந்தியாகு பார்த்தார். கோபுரத்திலிருந்து உமையாள் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருங்க என்று மரியாதையாக நிறுத்தி வைத்த ஒருவரைப் போ என்று விரட்டினால் எப்படிப் போவார்கள்? வீட்டுக்கு வந்தவரை யாராவது போ என்று அனுப்புகிறோமா? எண்பது வருடமாக ஊரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

மாடு காலை வைத்ததோடு நின்று திரும்பிக் கோதண்டத்தைப் பார்த்தது. சொன்னது தனக்கா அவருக்கா என்று அதற்குச் சந்தேகம். மறுபடியும் தெளிவாக அதற்கே சொன்னால் போய்விடும்.

உமையாள் உடனே சொல்லவில்லை. வெகு நாளாக மனசில் கிடந்த ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. குழாயின் ஒயரைக் கழற்றிவிட்டு, மேலே மட்டும் கேட்கும்படி பொத்தானை அமுக்கினாள்.

“தம்பி.”

“சொல்லுங்கம்மா. அக்கா.”

“மாடு போகச் சம்மதிச்சிருச்சு.”

“அப்ப வந்துறலாமாக்கா?”

“வரலாம். எனக்குத்தான் பயமா இருக்கு. நீங்க காத்திருந்த எம்பது வருசமும் எங்கயோ ஒரு பக்கம் சேந்துக்கிட்டுத்தான இருக்கும். கால தரையில வச்ச ஒடனே மொத்தமா ஒங்க மேல வந்து உக்காந்துருச்சுன்னா?”

“கோதண்டம் சார் என்ன சொல்றாக?”

“காலையிலயே கேட்டேன். காத்திருப்புல இருந்த காலம் சர்வீஸ்ல சேராதுங்கிறாக. வயசுல சேருமான்னு அவுகளுக்கே தெரியலையாம்.”

“சேந்தா சேரட்டும்க்கா” என்றார் பரசுவேல். “எனக்குப் பசிக்கணும். இந்த ரொட்டியில பாதி மிச்சம் இருக்கு. ஒங்க மொகத்தையும் பாக்கணும். இருவத்தேழு வருசமா மேல இருந்து ஒங்க கொடையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நடுவுல ஒரு தரம் கொடைய மாத்தினிய. அன்னைக்கி நீங்க லீவு, வேற யாரோன்னு நெனச்சுட்டேன்.”

உமையாள் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். குழாயில் சொல்வது அவளுக்குச் சரியாகப் படவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. ஓடுபாதையின் நடுவே மாட்டுக்கு எதிரில் நின்று, கோதண்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

“ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டோம்” என்றாள் மாட்டிடம். “தப்பா எடுத்துக்கிராதீங்க. போயிட்டு வாங்க.”

மாடு நடந்தது. அவசரமில்லாமல், எண்பது வருடத்துக்கு முன்னால் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் போனது. உமையாள் திரும்பிக் கோபுரத்துக்கு ஓடினாள். நாற்பத்தொன்பது வயதில் அந்தப் படிகளை அவள் அப்படி ஏறியதில்லை. மேலே போய்ப் பார்த்தபோது மாடு ஓடுபாதையின் ஓரத்துக்குப் போய், அங்கே முளைத்திருந்த அருகம்புல்லைக் கடிக்க ஆரம்பித்திருந்தது. அதற்குப் பசி வந்துவிட்டது. முன்பாதி புல்லில் இருந்தது, பின்பாதி ஓடுபாதையில் இருந்தது.

“பாதி போயிருச்சு தம்பி” என்றாள் உமையாள்.

“பெட்ரோல் முள்ளு எறங்க ஆரம்பிச்சிருச்சுக்கா.”

மாடு போய்விட்டதால் காத்திருப்பு முடிந்துவிட்டது, இனிப் பன்னிரண்டு நிமிடம். சந்தியாகு மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருடம் அவர் அதைத் திட்டாத திட்டு இல்லை. இப்போது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “செத்த அங்கிட்டுத் தள்ளி மேஞ்சுக்கிறீங்களா?” என்றார். சொன்ன பிறகுதான் அந்த ‘செத்த’ அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மாடு அதைப் பெரிதுபண்ணவில்லை. ஒரு வாய் புல்லோடு தள்ளிப் போய், வாலையும் எடுத்துக்கொண்டு, ஓடுபாதைக்கு வெளியே நின்றது. அதற்குள் நாலு நிமிடம் போய்விட்டது.

உமையாள் பொத்தானை அமுக்கினாள். இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பெட்டியில் சொல்லியிராத வார்த்தை அது. வாய் வரை வந்து நின்றது.

“வாங்க” என்றாள்.

“ரோஜர்” என்றார் பரசுவேல். அவருக்கு மிச்சமிருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

ஊர் முழுக்க வேலிக்கு வெளியே வந்து நின்றது. விமானம் கண்மாய்ப் பக்கம் வளைந்து, பனைமரங்களுக்கு மேலாகத் தாழ்ந்து, செம்புராங்கல் தூசியைக் கிளப்பிக்கொண்டு இறங்கி ஓடி, மாடு நின்றிருந்த இடத்தில் வந்து நின்றது. கண்ணாடி திறந்தது. இறங்கிய பையனுக்கு இருபத்து மூன்று வயதுதான். வருடங்கள் ஒன்றும் மேலே வந்து உட்காரவில்லை. கால் தரையில் பட்டதும் பசி மட்டும் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே மீதி ரொட்டியைத் தின்று முடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

உமையாள் குடையைப் பிடித்தபடி நடந்து போனாள். அவர் குடையை அடையாளம் கண்டுகொண்டு எதிரே வந்தார். நாலடி தூரத்தில் இருவரும் நின்றார்கள். உமையாள் குடையை மடக்கினாள். முன் நரை, கண்ணுக்குக் கீழே கருவளையம், மூக்குக் கண்ணாடி எல்லாம் வெயிலில் தெரிந்தன. அவர் என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று அவளுக்குப் படபடவென்று இருந்தது. ஆச்சி என்றாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

பரசுவேல் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். விரல்களை மடக்கி ஏதோ கூட்டிக் கழித்தார்.

“நீங்க எந்த வருசம் பொறந்தீக?”

“எழுவத்தஞ்சு.”

“நான் இருவத்தொண்ணு” என்றார் பரசுவேல். “பொறந்த வருசத்தப் பாத்தா நாந்தேன் மூப்பு. மேல இருந்துக்கிட்டு அது தெரியாமப் போச்சு. இனிமே தங்கச்சின்னே கூப்புடுறேன்.”

உமையாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “சரிண்ணே” என்றாள். அது மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கோதண்டம் கோப்பில் விமானி இறங்கினார் என்று எழுதி, நேரம் போடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்மாய்ப் பக்கமிருந்து விமானத்தின் சத்தம் வந்தது. எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். வானத்தில் ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் வழக்கமான உயரத்தில், வழக்கமான வேகத்தில் தலைக்கு மேலாகப் போய், அரசமரத்துக்கு அப்பால் வளைந்து மறைந்தது. வாங்க என்று விமானத்தைத்தான் கூப்பிட்டார்கள், சத்தத்தைக் கூப்பிடவில்லை. ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் வந்தது. வேலிக்கு வெளியே நின்ற ஒரு அம்மாள், அடுப்பில் இட்லி வைத்த நினைவு வந்து வீட்டுக்குப் போனாள்.

“இம்புட்டுச் சத்தமாவா இருந்தேன்?” என்று கேட்டார் பரசுவேல்.

“எங்களுக்குப் பழகிருச்சுண்ணே.”

கோதண்டம் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சத்தம் தடங்கலில் வராது. வானம் காலி என்று சான்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, போயிட்டு வரச் சொன்னபடி மாடு திரும்பி வந்தது. சந்தியாகு எழுந்து நின்று, “வாங்க” என்று அழைத்துப் போய்க் கோபுரத்து நிழலில் கட்டினார்.

மறுநாள் முப்பதாம் தேதி. பதினொரு மணிக்குப் புது விமானம் வர வேண்டும். புது வயர்லெஸ் பொருத்துகிறவர் இன்னும் வரவில்லை. காலை எட்டு மணிக்கு உமையாள் வழக்கம்போல் கோபுரம் ஏறினாள். பரசுவேல் மேல்படியில் உட்கார்ந்து, நாச்சம்மை கொடுத்தனுப்பிய தோசையைத் தின்றுகொண்டிருந்தார். சத்தம் கண்மாய்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. உமையாள் பொத்தானை அமுக்கினாள்.

“செத்த இருங்க.”

“சரிங்க” என்றது சத்தம்.

பரசுவேல் தோசையைப் பிட்ட கையை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்திக்கொண்டார். தோசையில் ஆவி பறந்தது, சூடு குறையவில்லை.

உமையாள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒங்களுக்கு இல்லண்ணே” என்றாள். “நீங்க சாப்புடுங்க.”

அவர் சாப்பிட்டார்.